பதிவேட்டில் இல்லாத கட்டம்

(கடலூரில் 31 வருடம் பிறப்பு, இறப்புப் பதிவேடு எழுதி ஓய்வு பெற்றவர், சான்றிதழ், ஆவணச் சிக்கல்கள் பற்றிய வாசகர் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார். 2026 ஜனவரியில் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விஷயம்: வேற்று நாட்டுப் பெற்றோருக்கு ஒரு மண்ணில் பிறந்த பிள்ளை, அந்த மண்ணுக்குச் சொந்தமா?)

கேள்வி: மகளும் மருமகனும் அமெரிக்காவில், டெக்சாஸ் மாநிலத்து டல்லாஸில் இருக்கிறார்கள். இருவருக்கும் எச்-1பி என்கிற வேலை விசாதான். நிரந்தரமாகத் தங்க அனுமதிக்கும் கிரீன் கார்டுக்கு வரிசையில் நிற்கிறார்கள். மகளுக்கு மார்ச்சில் பிரசவம். அங்கே பிறக்கிற குழந்தைக்கு இனிமேல் குடியுரிமை கிடையாது என்று டிவியில் சொல்கிறார்கள். இங்கேயே வந்து பிரசவம் பார்த்துக்கொள்ளச் சொல்லட்டுமா? நான் அங்கே போவதா, அவள் இங்கே வருவதா?
ஒரு தாய், திருப்பாதிரிப்புலியூர்

பதில்: அவசரப்பட்டு வரச் சொல்லாதீர்கள் அம்மா. ஏழாம் மாதத்தில் இருக்கும் பெண்ணை ஒரு டிவி செய்திக்காக இருபது மணி நேரம் விமானத்தில் உட்கார வைக்க வேண்டாம்.

நடந்தது இதுதான். 2025 ஜனவரி 20, பதவியேற்ற அன்றைக்கே, அதிபர் டிரம்ப் ஓர் உத்தரவில் கையெழுத்துப் போட்டார். தாய் அனுமதி இல்லாமல் அங்கே இருந்தாலும் சரி, மாணவர் விசா, வேலை விசா என்று தற்காலிக அனுமதியில் இருந்தாலும் சரி, தந்தையும் குடிமகனாகவோ கிரீன் கார்டு உள்ளவராகவோ இல்லையென்றால், பிறக்கும் குழந்தையை அமெரிக்கக் குடிமகனாக ஏற்க மாட்டோம் என்றது அந்த உத்தரவு. 30 நாள் கழித்துப் பிறக்கும் குழந்தைகளிலிருந்து கணக்கு. மூன்றாம் நாளே சியாட்டில் நகரத்து நீதிபதி ஒருவர் அதை நிறுத்திவைத்தார். ஜூன் 27 அன்று உச்ச நீதிமன்றம், ஒரு கீழ்நீதிமன்ற நீதிபதி நாடு முழுவதுக்கும் தடை போடுகிற அதிகாரத்தைச் சுருக்கியது. உத்தரவு சரியா தப்பா என்று அப்போது அது சொல்லவில்லை. ஜூலையில் நியூ ஹாம்ப்ஷயர் நீதிமன்றம், பாதிக்கப்படக்கூடிய குழந்தைகள் அத்தனை பேரையும் ஒரே வழக்கில் சேர்த்து மறுபடி தடை போட்டது. டிசம்பரில் உச்ச நீதிமன்றம் வழக்கை விசாரணைக்கு எடுத்துக்கொண்டது. 2026 ஜனவரியில் நான் இதை எழுதும் வரைக்கும் அந்த உத்தரவு ஒரு குழந்தை மேலும் நடைமுறைக்கு வரவில்லை.

தீர்ப்பு பாதகமாக வந்தால்கூட உங்கள் பேரப்பிள்ளை நாடில்லாத பிள்ளையாக நிற்காது. பெற்றோர் இருவரும் இந்தியக் குடிமக்கள். நம் குடியுரிமைச் சட்டத்தின் 4-வது பிரிவுப்படி, குழந்தை பிறந்து ஒரு வருடத்துக்குள் அங்குள்ள இந்தியத் துணைத் தூதரகத்தில் பதிவு செய்தால் அது இந்தியக் குடிமகன். வேறு நாட்டுப் பாஸ்போர்ட் இல்லை என்று எழுதிக் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான். அந்த ஒரு வருடத்தை மட்டும் தவறவிடக் கூடாது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். 2025-இல் உத்தரவு வந்த புதிதில், கெடு தேதிக்குள் பிள்ளையை எடுத்துவிடுங்கள் என்று நம் ஊர்ப் பெண்கள் சிலர் எட்டாம் மாதத்திலேயே அங்குள்ள டாக்டர்களிடம் போய் நின்றதாகச் செய்தி வந்தது. நல்ல நாள், நட்சத்திரம் பார்த்து அறுவை செய்த தேதிகளை எல்லாம் பதிவேட்டில் எழுதியவள் நான். ஒரே முகூர்த்த நாளில் ஒரே நர்சிங் ஹோமிலிருந்து ஆறு, ஏழு சீட்டு வரும். அதற்கே மனசு சங்கடப்படும். காகிதத்துக்குப் பயந்து, நுரையீரல் முற்றாத பிள்ளையை வெளியே எடுக்கக் கேட்கும் நிலைமைக்கு ஒரு தாயைத் தள்ளுவது பெரிய கொடுமை. உங்கள் மகள் நாள் நிறைந்து பெறட்டும். நீங்கள் போவதானால் என்ன செய்ய வேண்டும் என்று கடைசியில் சொல்கிறேன்.

கேள்வி: திருட்டுத்தனமாக ஒரு நாட்டுக்குள் நுழைந்து பிள்ளை பெற்றுக்கொண்டால் அந்தப் பிள்ளைக்குக் குடியுரிமை என்பது, குறுக்கு வழியில் வந்தவருக்குப் பரிசு கொடுப்பது ஆகாதா? சட்டப்படி வரிசையில் நிற்பவன் ஏமாளியா?
ஓர் இளம் பொறியாளர், நெய்வேலி

பதில்: கேட்க வேண்டிய கேள்விதான் தம்பி. ஆனால் பரிசு யாருக்குப் போகிறது என்று பாருங்கள். பிள்ளை அங்கே பிறந்தது என்பதற்காகத் தாய் தகப்பனுக்கு ஒரு விசாவும் கிடைப்பதில்லை. பிள்ளைக்கு 21 வயது ஆன பிறகுதான் பெற்றோருக்காக விண்ணப்பம் போடவே முடியும். அதற்குள் அவர்களைப் பிடித்து நாடு கடத்தலாம், கடத்தியும் இருக்கிறார்கள். நுழைந்தவர் மேல் நடவடிக்கை எடுக்கச் சட்டம் இருக்கிறது, எடுக்கட்டும். பிறந்த பிள்ளை எந்த எல்லையையும் தாண்டவில்லையே.

இந்த உரிமை எங்கிருந்து வந்தது என்று தெரிந்தால் கோபம் கொஞ்சம் தணியும். 1857-இல் டிரெட் ஸ்காட் என்ற கறுப்பினத்தவர் தன் விடுதலைக்காகப் போட்ட வழக்கில், ஆப்பிரிக்க அடிமைகளின் வழி வந்தவர்கள் அமெரிக்கக் குடிமக்களாகவே ஆக முடியாது என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அங்கேயே பிறந்து, அங்கேயே பருத்தி பறித்து, அங்கேயே செத்தவர்களைப் பார்த்துச் சொன்ன தீர்ப்பு. உள்நாட்டுப் போர் முடிந்து, 1868-இல் 14-வது திருத்தம் வந்தது. அமெரிக்காவில் பிறந்து, அதன் சட்ட அதிகாரத்துக்கு உட்பட்ட எல்லோரும் குடிமக்கள் என்று எழுதினார்கள். இன்னார் பிள்ளை, இன்ன நிறம் என்று யாரும் இனி கேட்க முடியாதபடி எழுதினார்கள்.

“சட்ட அதிகாரத்துக்கு உட்பட்ட” என்ற அந்த ஒரு தொடரை வைத்துத்தான் இப்போது வாதம். விசாவில் இருப்பவரும் அனுமதி இல்லாதவரும் முழுமையாக உட்பட்டவர்கள் இல்லை என்கிறது டிரம்ப் அரசு. எனக்கு இது ஒத்துவரவில்லை. சிக்னலைத் தாண்டினால் அபராதம் போடலாம், வரி கேட்கலாம், திருடினால் ஜெயிலில் போடலாம் என்றால் அவர் அந்தச் சட்டத்துக்கு உட்பட்டவர்தானே? வெளிநாட்டுத் தூதர்களின் பிள்ளைகளை விலக்கி வைத்தார்கள் என்றால் அதற்கு அர்த்தம் இருக்கிறது. தூதர் மேல் அந்த ஊர் போலீஸ் கை வைக்க முடியாது.

1898-லேயே இதை ஒரு சமையல்காரர் வாதாடி ஜெயித்துவிட்டார். பெயர் வாங் கிம் ஆர்க். சான் பிரான்சிஸ்கோவில் சீனப் பெற்றோருக்குப் பிறந்தவர். சீனர்கள் அங்கே குடியுரிமை வாங்கவே முடியாத காலம் அது. 1882-இல் சீனத் தொழிலாளர்கள் உள்ளே வரவே கூடாது என்று சட்டம் போட்டிருந்தார்கள். இவர் சீனாவுக்குப் போய்விட்டு 1895-இல் திரும்பி வந்தபோது, நீ குடிமகன் இல்லை என்று கரையில் இறங்க விடவில்லை. பிறந்து வளர்ந்த ஊரின் துறைமுகம் கண்ணுக்கு எதிரே. மனுஷன் மாதக்கணக்கில் கப்பல் மாற்றிக் கப்பலில் அடைபட்டுக் கிடந்தார். கடலூர் முதுநகரில் பிறந்து வளர்ந்த ஒருவரைத் துறைமுகத்துக்கு வெளியே படகில் உட்கார வைத்து, உன் அப்பா யார் என்று கேட்டுக்கொண்டிருந்தால் எப்படி இருக்கும்? கடைசியில் உச்ச நீதிமன்றம் ஆறுக்கு இரண்டு என்ற கணக்கில், பிறந்ததால் அவர் குடிமகன் என்றது. அந்தத் தீர்ப்பைத்தான் இப்போது அசைத்துப் பார்க்கிறார்கள்.

குறுக்கு வழி உண்டா என்றால் உண்டு. சுற்றுலா விசாவில் போய்ப் பிள்ளை பெற்றுக்கொண்டு திரும்பும் பணக்காரர்கள் இருக்கிறார்கள். அதைத் தடுக்க வேண்டிய இடம் விசா கவுண்டர். 2020-லிருந்தே, பிரசவத்துக்காகத்தான் வருகிறார் என்று தெரிந்தால் விசா மறுக்கலாம் என்று அங்கே விதி இருக்கிறது. அதற்காகப் பிரசவ வார்டுக்குள் போய்க் காகிதம் கேட்க வேண்டியதில்லை.

கேள்வி: பிறப்புச் சான்றிதழ் இருந்தாலே இந்தியக் குடியுரிமைக்கு அத்தாட்சி ஆகிவிடுமா?
வாசகர், பண்ருட்டி

பதில்: ஆகாது. எங்கே, எப்போது, யாருக்குப் பிறந்தார் என்பதற்கு மட்டும்தான் அது அத்தாட்சி. 2023 அக்டோபர் 1 முதல் பிறந்தவர்களுக்குப் பள்ளிச் சேர்க்கையிலிருந்து பாஸ்போர்ட் வரை பிறந்த தேதிக்கும் இடத்துக்கும் அந்த ஒரு சான்றிதழ்தான் என்று சட்டம் திருத்தியிருக்கிறார்கள். அதனால் பத்திரமாக வையுங்கள். ஆதாரும் குடியுரிமைக்கு அத்தாட்சி இல்லை. நான் எழுதிய பதிவேட்டில் குழந்தை, ஆணா பெண்ணா, அப்பா, அம்மா, பிறந்த இடம், தகவல் தந்தவர் என்று கட்டங்கள் உண்டு. எந்த நாட்டுக் குடிமகன் என்று ஒரு கட்டம் கிடையாது.

கேள்வி: பாகூர்தான் எங்கள் பூர்விகம். என் தாத்தாவும் அவருடைய அண்ணனும் ஒரே வீட்டில் வளர்ந்தவர்கள். பெரிய தாத்தா வழியில் எல்லோரும் பிரெஞ்சு நேஷனாலிட்டி, பாரிஸில் இருக்கிறார்கள். எங்களுக்கு ஒன்றும் இல்லை. ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகளுக்குள் இது எப்படி? இப்போது வாங்க முடியுமா? ஒருவர் வாங்கித் தருவதாகப் பணம் கேட்கிறார்.
வாசகர், முத்தியால்பேட்டை, புதுச்சேரி

பதில்: முதலில் பணத்தைக் கொடுக்காதீர்கள். விஷயத்தைக் கேளுங்கள்.

1954 நவம்பர் 1-ஆம் தேதி, பிரெஞ்சு ஆட்சியில் இருந்த புதுச்சேரியின் நிர்வாகம் இந்தியாவின் கைக்கு வந்தது. ஒப்பந்தம் கையெழுத்தானது 1956 மே 28. பிரான்சில் அது ஏற்கப்பட்டு நடைமுறைக்கு வந்தது 1962 ஆகஸ்ட் 16. அந்தத் தேதியில், பிரெஞ்சுப் பகுதிகளில் பிறந்து அங்கேயே குடியிருந்த பிரெஞ்சுக்காரர் எல்லோரும் தானாகவே இந்தியக் குடிமக்கள் ஆனார்கள். வேண்டாம், பிரெஞ்சாகவே இருக்கிறேன் என்பவர் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும். எழுதிக் கொடுத்தவர்கள் சில ஆயிரம் பேர்தான். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்த சொல்தா குடும்பங்கள் அதில் நிறைய. பெரிய தாத்தா அப்படிக் கையெழுத்துப் போட்டவராக இருக்கலாம்.

இன்னொரு வழியும் இருந்தது. என் மேஜைக்கு வந்த மனுக்களால்தான் அது எனக்குத் தெரியும். ஒப்பந்தம் பேசியது “பிரெஞ்சுப் பகுதியில் பிறந்தவர்” பற்றி. பிரெஞ்சுக் குடிமக்களாக இருந்து, ஆனால் வெளியே பிறந்தவர்களை, அதாவது வியட்நாமின் சைகோனிலோ, நம் பிரிட்டிஷ் கடலூரிலோ பிறந்தவர்களை, அந்த ஒப்பந்தம் தொடவே இல்லை. அவர்கள் எதையும் எழுதிக் கொடுக்காமலே பிரெஞ்சாக நீடித்தார்கள். இப்போது யோசித்துப் பாருங்கள். பாகூருக்கும் கடலூருக்கும் நடுவில் பெண் கொடுத்து பெண் எடுப்பது அன்றும் இன்றும் உண்டு. நடுவில் தென்பெண்ணையாறுதான். தலைப்பிரசவம் எங்கே? தாய்வீட்டில். மூத்த பிள்ளை கடலூரில் அம்மாச்சி வீட்டுத் திண்ணை அறையில் பிறந்திருப்பான். இரண்டாவது பிள்ளை பாகூரில், புகுந்த வீட்டில். வளைகாப்பு போட்டு அழைத்துப் போன வழக்கம் அறுபது வருடம் கழித்து ஒருவரைப் பாரிஸிலும் ஒருவரை முத்தியால்பேட்டையிலும் கொண்டு போய் வைத்திருக்கிறது.

பாரிஸிலிருந்து வந்த ஒரு பெரியவர், நான் வேலையில் இருந்தபோது, தன் அப்பாவின் பிறப்புப் பதிவு நகல் கேட்டு வந்தார். 1930-களின் பதிவேடு. தொட்டால் ஓரம் உதிரும். மூன்று மத்தியானம் தேடினோம். பெயர் எழுதாமல் “ஆண் குழந்தை” என்று மட்டும் இருந்தது. அப்பா பெயருக்கு எதிரே, ஊர் பாகூர் என்று போட்டு, பக்கத்தில் சின்ன எழுத்தில் பிரெஞ்சு எல்லை என்று யாரோ குறித்திருந்தார்கள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி படித்தார். அவருடைய குடும்பம் பிரெஞ்சாக இருப்பதற்கு ஆதாரம் அந்த ஒரு வரிதான்.

உங்கள் தாத்தா பாகூரில் பிறந்து, பாகூரில் இருந்து, எழுதியும் கொடுக்கவில்லை என்றால் 1962-லேயே அவர் இந்தியர் ஆகிவிட்டார். எழுதிக் கொடுக்கும் கெடு 1963 பிப்ரவரியோடு முடிந்தது. அதை இப்போது திறந்து தருகிறேன் என்று சொல்பவரிடம் பேச்சை வளர்க்காதீர்கள்.

கேள்வி: பிறந்த மண்ணை வைத்துக் குடியுரிமை தரும் முறையை உலகமே கைவிட்டுவிட்டதே. இந்தியாவும் விட்டுவிட்டது. அமெரிக்கா விட்டால் மட்டும் ஏன் இத்தனை கூச்சல்?
ஓய்வுபெற்ற ஆசிரியர், விருத்தாசலம்

பதில்: ஐயா, விட்ட நாடுகள் நிறைய என்பது உண்மை. பிரிட்டன் 1983-இல், ஆஸ்திரேலியா 1986-இல் நிபந்தனை போட்டன. அயர்லாந்து 2004-இல் மக்கள் வாக்கெடுப்பு நடத்திப் போட்டது. ஆனால் அங்கெல்லாம் பெற்றோர் நிரந்தரமாகக் குடியேறியிருந்தாலோ, சில வருடம் சட்டப்படி வாழ்ந்திருந்தாலோ பிள்ளைக்கு உரிமை உண்டு. பிரான்சில், அங்கே பிறந்து வளர்ந்த பிள்ளைக்கு 18 வயதில் வந்துவிடும். இப்படி ஏதாவது ஒரு வாசலைத் திறந்து வைத்திருக்கிறார்கள். கனடாவும் தென்னமெரிக்க நாடுகளில் பெரும்பாலானவையும் பழைய முறையை இன்னும் வைத்திருக்கின்றன.

வாசலே வைக்காமல் மூடினால் என்ன ஆகும் என்று தெரிந்துகொள்ள நாம் டெக்சாஸ் வரை போக வேண்டாம். 1948-இல் இலங்கை சுதந்திரம் வாங்கிய கையோடு ஒரு குடியுரிமைச் சட்டம் போட்டது. நீ இங்கே பிறந்தது போதாது, உன் அப்பா இங்கே பிறந்திருக்க வேண்டும், அல்லது அப்பாவழித் தாத்தாவும் அவர் அப்பாவும் பிறந்திருக்க வேண்டும், அதற்குக் காகிதம் காட்டு என்றது. தேயிலைத் தோட்டத்து லயத்தில் பிறந்தவர்களுக்கு யார் பதிவேடு எழுதினார்கள்? தோட்ட வேலைக்கு இங்கிருந்து போனவர்களின் வழி வந்த மலையகத் தமிழர் சுமார் 7 லட்சம் பேர் ஒரே சட்டத்தில் நாடில்லாதவர் ஆனார்கள். 1964-இல் நம் பிரதமர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் உட்கார்ந்து, 5 லட்சத்து 25 ஆயிரம் பேர் இந்தியாவுக்கு, 3 லட்சம் பேர் இலங்கைக்கு, மீதி ஒன்றரை லட்சம் பேர் பற்றிப் பிறகு பேசலாம் என்று பிரித்துக்கொண்டார்கள். அந்த ஜனங்களை யாரும் கேட்கவில்லை. அங்கேயே தங்கிவிட்டவர்களில் மீதிப் பேருக்கும் இலங்கை குடியுரிமை கொடுக்கச் சட்டம் வர 2003 வரை ஆனது.

நம் தலைவர்களுக்கு இது தெரிந்தே இருந்தது. 1947 ஏப்ரலில் அரசியல் நிர்ணய சபையில், பிறப்பால் குடியுரிமை என்பதைக் குறுக்க வேண்டும் என்று சிலர் கேட்டபோது சர்தார் பட்டேல் மறுத்துப் பேசினார். தென்னாப்பிரிக்காவில் பிறந்த இந்தியருக்கு அந்த நாட்டுக் குடியுரிமை வேண்டும் என்று நாம் கேட்கிறோம், அப்படிக் கேட்டுக்கொண்டே இங்கே குறுகிய பார்வை பார்ப்பது சரியில்லை என்பது அவர் வாதம். எனக்கு இதற்கு மேல் ஒரு வாதம் தெரியவில்லை ஐயா. 1950-லிருந்து 1987 வரைக்கும் இந்தியச் சட்டமும் அப்படித்தான் இருந்தது. அதற்கு அப்புறம் என்ன ஆனது என்பதற்கு அடுத்த கடிதமே சாட்சி.

கேள்வி: நான் 1992-இல் தமிழ்நாட்டில் பிறந்தேன். பெற்றோர் இலங்கையிலிருந்து வந்தவர்கள். முகாமில்தான் வளர்ந்தேன், இங்கேதான் படித்தேன். இலங்கையைப் பார்த்ததே இல்லை. பாஸ்போர்ட் இல்லாததால் கிடைத்த வெளிநாட்டு வேலையை விட்டேன். அமெரிக்காவில் பிறக்கும் குழந்தைகளுக்காக எல்லோரும் பேசுகிறார்கள். நான் எந்த நாட்டுக்காரன்?
பெயர் வேண்டாம், குறிஞ்சிப்பாடி பக்கத்து முகாம்

பதில்: தம்பி, உன் கடிதத்தை வைத்துக்கொண்டு இரண்டு நாள் எழுத முடியவில்லை.

நான் வேலைக்குச் சேர்ந்தது 1985. முகாமில் இருந்த ஒரு திருகோணமலைக் குடும்பத்துக்கு 1987 ஜூன் கடைசி வாரத்தில் கடலூர் ஆஸ்பத்திரியில் ஒரு பெண் குழந்தை பிறந்தது. நான்தான் பதிவேட்டில் ஏற்றினேன். மேல் வரியில் தேவனாம்பட்டினத்து மீனவர் ஒருவரின் பிள்ளை, கீழ் வரியில் மஞ்சக்குப்பத்துக் கடைக்காரர் பிள்ளை. நடுவில் இந்தக் குழந்தை. முகவரிக் கட்டத்தில் “அகதிகள் முகாம்” என்று எழுதினேன். 1989-இல் அதே தாய்க்கு ஒரு பையன். அதையும் நானே எழுதினேன். அதே பேனா, அதே நீலக் கறுப்பு மை.

இடையில் சட்டம் மாறியிருந்தது. 1987 ஜூலை 1-ஆம் தேதிக்கு முன் இந்தியாவில் பிறந்தவர், பெற்றோர் யாராக இருந்தாலும், பிறப்பால் இந்தியக் குடிமகன். அதற்குப் பிறகு பிறந்தவருக்குத் தாய், தகப்பன் இருவரில் ஒருவராவது இந்தியராக இருக்க வேண்டும். 2004 டிசம்பர் 3-லிருந்து இன்னும் இறுக்கினார்கள். இருவரும் இந்தியராக இருக்க வேண்டும், அல்லது ஒருவர் இந்தியராகவும் மற்றவர் சட்டவிரோதமாகக் குடியேறியவர் இல்லை என்றும் இருக்க வேண்டும். அக்கா இந்தியர், தம்பி இந்தியர் இல்லை. இரண்டு வரியையும் எழுதிய எனக்கு அப்போது இது தெரியாது. பதிவேட்டில் அப்படி ஒரு கட்டம் இல்லை என்று சொன்னேனே, அதனால் ஒன்றும் தெரியாமலே எழுதினேன்.

தெரிந்தது 2012 ஜனவரியில். தானே புயல் அடித்து முடிந்த சமயம். நனைந்து ஊறிய ரேஷன் கார்டும் சான்றிதழுமாக ஜனங்கள் வாசல் வரை நின்றார்கள். அந்தத் தம்பியும் நின்றான். 22 வயது. அக்காவுக்கும் தனக்குமாக இரண்டு நகல் கேட்டான். பாஸ்போர்ட்டுக்கா என்று கேட்டேன். எங்களுக்கு யார் தருவார்கள் என்று சொல்லிவிட்டு, நகலை வாங்கிப் பிளாஸ்டிக் கவரில் போட்டு சட்டைக்குள் வைத்துக்கொண்டு போனான். அன்றைக்கு ராத்திரி சட்டப் புத்தகத்தை எடுத்து உட்கார்ந்தேன். அக்காவுக்கு உரிமை இருந்தும் 25 வருடமாக அவளுக்கே யாரும் சொல்லவில்லை என்பது அப்போதுதான் புரிந்தது.

2022 ஆகஸ்டில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை ஒரு தீர்ப்பு கொடுத்தது. மண்டபம் முகாமில் 1986-இல் பிறந்து, திருச்சி கொட்டப்பட்டு முகாமில் வாழும் ஒரு பெண்ணுக்கு இந்தியப் பாஸ்போர்ட் கொடுக்கச் சொன்னது. காரணம் ஒன்றுதான், அவர் 1987 ஜூலைக்கு முன்பு இங்கே பிறந்தவர். 2024 தேர்தலில் அவர் ஓட்டுப் போட்டார். அந்தச் செய்தி வந்த வாரமே அந்த அக்கா என் வீட்டைத் தேடி வந்தாள். விண்ணப்பம் எழுதிக் கொடுத்தேன். தம்பிக்கு எழுத எனக்கு ஒரு வழியும் இல்லை. அவன் வாசலிலேயே வண்டியில் உட்கார்ந்திருந்தான். உள்ளே வரச் சொன்னால் பரவாயில்லை அம்மா என்றான்.

சரி, உன் விஷயத்துக்கு வருகிறேன். 1992-இல் பிறந்தவன் என்பதால் இரண்டு பேரில் ஒருவர் இந்தியராக இருந்தால் போதும், நீ பிறப்பால் இந்தியன். அதனால் முதலில் உன் அம்மா, அப்பாவின் பூர்விகத்தைக் கிளறு. உங்கள் குடும்பம் யாழ்ப்பாணம், வன்னிப் பக்கமா, அல்லது மலையகத்திலிருந்து கலவரத்துக்குப் பயந்து வவுனியாவுக்குப் போய், அங்கிருந்து படகேறியவர்களா? மலையகம் என்றால் சாஸ்திரி ஒப்பந்தத்தில் தாத்தாவுக்கு இந்தியப் பாஸ்போர்ட் கொடுக்கப்பட்டதா என்று பார். அதில் அம்மாவின் பெயரும் சேர்ந்திருக்கலாம். இப்படிப் பழைய ட்ரங்குப் பெட்டியில் பாஸ்போர்ட் கிடந்தும், அது எதற்கென்று தெரியாமல் முகாமில் இருக்கும் குடும்பங்கள் உண்டு. அது இருந்தால் வக்கீலைப் பார்க்கலாம்.

அப்படி ஒன்றும் இல்லையென்றால், இன்றைய சட்டப்படி நீ இந்தியன் இல்லை. இதை எழுத எனக்குக் கை கூசுகிறது. இலங்கைப் பெற்றோருக்கு வெளியே பிறந்த பிள்ளைகள், சென்னையில் உள்ள இலங்கைத் துணைத் தூதரகம் வழியாக அந்த நாட்டுக் குடியுரிமைக்குப் பதிவு செய்யலாம். அதைச் செய்து வைப்பது நல்லது. கையில் ஏதாவது ஒரு நாட்டின் காகிதம் இருக்க வேண்டும். அதனால் உன் வழக்கு பலவீனமாகுமா என்பதை மட்டும் வக்கீலிடம் கேட்டுக்கொண்டு செய். 2019-இல் வந்த குடியுரிமைத் திருத்தச் சட்டத்தில் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் என்று மூன்று நாடுகள் இருக்கின்றன. இலங்கை இல்லை. 2025 செப்டம்பரில் மத்திய அரசு ஓர் ஆணை போட்டது. 2015 ஜனவரி 9 வரை வந்து பதிவு செய்த இலங்கைத் தமிழர் மேல், பாஸ்போர்ட் இல்லாமல் வந்ததற்காகத் தண்டனை நடவடிக்கை இல்லை என்று அது சொல்கிறது. ஓர் ஆறுதல் அது. குடியுரிமை தரும் ஆணை இல்லை.

நீ எந்த நாட்டுக்காரன் என்று கேட்டாய். சட்டம் சொல்வதைச் சொல்லிவிட்டேன். நான் நினைப்பதையும் சொல்கிறேன். நீ கடலூர் மாவட்டத்துக்காரன். தானே புயலில் ஓடு பறந்த வீட்டில் நீயும் இருந்தாய். உன் பள்ளிச் சான்றிதழில் இந்த ஊர்தான் இருக்கிறது. டல்லாஸில் இருக்கும் ஒரு தாயின் பிள்ளைக்கு எந்த நியாயத்தை இந்தப் பக்கத்தில் கேட்டேனோ, அதே நியாயத்தை உனக்கும் கேட்கிறேன். இதைப் படிக்கிற, வெளிநாட்டில் பிள்ளைகள் வைத்திருக்கிற ஒவ்வொரு வீட்டையும் கேட்கச் சொல்கிறேன். உங்கள் எம்.பி. ஓட்டுக் கேட்டு வரும்போது, கிரீன் கார்டு பற்றிக் கேட்கிற அதே மூச்சில் அம்பலவாணன்பேட்டை முகாம் பற்றியும் கீழ்புத்துப்பட்டு முகாம் பற்றியும் கேளுங்கள். ஐம்பத்தெட்டாயிரம் பேர் அளவில் முகாம்களில் இருக்கிறார்கள். அதில் பெரிய பங்கு இங்கேயே பிறந்தவர்கள்.

தம்பி, பெட்டியைத் தேடிப் பார்த்துவிட்டு, கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் எனக்கு மறுபடி எழுது.

திருப்பாதிரிப்புலியூர் தாய்க்கு:

நீங்கள் போவதாக முடிவு செய்தால், குழந்தையின் பெயரை இப்போதே பேசி முடித்துக்கொள்ளுங்கள். நம் ஊரில் பெயர் இல்லாமல் பதிவு செய்துவிட்டு அப்புறம் சேர்க்கலாம். அங்கே பொதுவாக ஆஸ்பத்திரியை விட்டுக் கிளம்பும் முன்பே சான்றிதழுக்கான தாளை நிரப்பச் சொல்வார்கள். அந்தத் தாளில் குடும்பப் பெயர் என்று ஒரு கட்டம் இருக்கும். நமக்கு அது கிடையாது, இனிஷியல்தான். அவசரத்தில் ஒருவர் அப்பா பெயரைப் போடுவார், ஒருவர் தாத்தா பெயரைப் போடுவார். பிறகு பாஸ்போர்ட்டில் ஒன்று, சான்றிதழில் ஒன்று என்று வருடக்கணக்கில் அலைய வேண்டி வரும். மகள், மருமகன் இருவர் பாஸ்போர்ட்டிலும் பெயர் எந்த எழுத்தில், எந்த வரிசையில் இருக்கிறதோ, அப்படியே ஒரு தாளில் எழுதி ஆஸ்பத்திரிப் பையில், துணிமணிக்கு மேலே வைத்துவிடச் சொல்லுங்கள். சான்றிதழ் வந்ததும் நான்கு நகல் வாங்கச் சொல்லுங்கள். ஒன்றை நீங்கள் கொண்டு வந்துவிடுங்கள்.